கடலோரக் கூடத்தில் ஓராண்டுக் கண்காட்சிகள்: எதை, எந்த மாதத்தில் வைப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பொதுக் கட்டடம், அதன் மாடி ஹால் உங்கள் குழுவின் கைக்கு வந்திருக்கிறது. அதை எல்லாரும் வந்து பார்க்கும் ஓவியக்கூடமாக்கி, மாதம் ஒன்று என்று வருடத்துக்குப் பன்னிரண்டு கண்காட்சி, ஒன்று போல் இன்னொன்று இல்லாமல் நடத்த ஆசைப்படுகிறீர்கள். அது நடக்குமா, எதையெல்லாம் வைக்கலாம், உப்புக்காற்று படங்களைக் கெடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு தடவை வந்தவர் மறுபடியும் படியேறி வர வேண்டும், அதற்கு என்ன செய்வது?

அருங்காட்சியக வேலையில் பொருள்களைப் பாதுகாப்பதும் அவற்றைக் காட்சிக்கு வைப்பதுமாக நெடுங்காலம் இருந்தேன், பெரும்பாலும் கடலோர ஊர்களில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பன்னிரண்டு வேண்டாம், ஐந்து போதும். அந்த ஐந்தும் எந்த மாதத்தில் எது என்பதை உங்கள் ஊரின் காற்றும் ஈரமும் கடல் தொழிலும் முடிவு செய்யட்டும். வருகிற விருந்தினரின் தேதியையோ திறப்பு விழாவின் தேதியையோ வைத்து முடிவு செய்தால், படமும் கெடும், ஆளும் வராது.

ஏன் ஐந்து என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியை இறக்கி இன்னொன்றை ஏற்ற, ஒழுங்காகச் செய்தால் இரண்டு வாரம் ஆகும். படங்களை இறக்கி, ஒவ்வொன்றின் நிலையையும் குறித்து, பொதிந்து, திருப்பி அனுப்ப வேண்டும். சுவரில் ஆணி ஓட்டைகளைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அடித்த பெயிண்டின் வாடை போகக் குறைந்தது ஒரு வாரமாவது ஹாலைத் திறந்து போட வேண்டும், ஏனென்றால் அந்த ஆவி மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் பொருளைத் தின்னும். மாதம் ஒன்று என்றால் பாதி மாதம் கதவு பூட்டியே இருக்கும். தேடி வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் மறுமுறை வரமாட்டார். புதிதாக ஏதாவது இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரிதான். அதற்கு நுழைவாசல் பக்கத்துச் சுவர் ஒன்றை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஒற்றைச் சுவரை மாற்றலாம்: ஒரு பள்ளியின் படங்கள், ஒரு வீட்டின் பழைய கோலப் புத்தகம், ஒரே ஒரு ஓவியம். ஒரு நாள் வேலைதான், ஹாலை மூடத் தேவையில்லை.

அப்புறம் உப்புக்காற்று. இதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு, ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவதும் உண்டு. உறுதியானது இது: காற்றில் வரும் உப்புத் துகள் எல்லாவற்றின் மேலும் படியும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில் அது மிக அதிகம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். அதனால் ராமநாதபுரம் டவுனில் தாங்கும் ஒரு பொருள் பாம்பனில் தாங்காது. உப்பு வெறுமனே படிந்து கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு காற்றிலிருக்கும் நீரைத் தானே இழுத்துக் கரையத் தொடங்குகிறது. அப்போது இரும்பு, செம்பு, பித்தளை எதன் மேலிருந்தாலும் அரிப்பு ஓடும். கடலோரத்தில் 75 என்பது அபூர்வமான எண் இல்லை, மழை மாதங்களில் இரவு முழுக்க அதற்கு மேலேயே நிற்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்ததும் இதே உப்புதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பாதுகாப்புப் பூச்சும் போட்டதற்குக் காரணமும் அதுவே. உங்கள் படச்சட்டத்தின் பின்னால் இருக்கும் கொக்கிக்கும் அதே கதிதான். கால்வனைஸ் கம்பியில் படத்தைத் தொங்கவிடாதீர்கள். கடையில் ஸ்டெயின்லெஸ் என்று கொடுப்பதிலும் 304 ரகம் கடலோரத்தில் புள்ளி விழும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள். கொக்கி சின்னப் பொருள், விலை வித்தியாசம் தெரியாது.

காகிதத்துக்கும் துணிக்கும் பனையோலைக்கும் உப்பைவிட ஈரம்தான் எதிரி. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், இதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் எங்கே என்றால், எந்த அளவுக்குள் வைத்திருப்பது பாதுகாப்பு என்பதில். முன்பெல்லாம் 50 சதவீதம், அதிலிருந்து ஐந்து கூடலாம் குறையலாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். இப்போது பெரிய அருங்காட்சியகங்களே 40 முதல் 60 வரை போகலாம் என்று தளர்த்திவிட்டன. இதே கரையில் பல தலைமுறை இருந்து பழகிய ஒரு மரச்சிற்பத்தை 50 சதவீத அறைக்குள் திடீரெனக் கொண்டுவந்தால் அது வெடித்துவிடும் என்போரும் உண்டு. நான் அவர்கள் பக்கம். எண் எவ்வளவு என்பதைவிட அது ஒரே நாளில் ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம் என்பது என் அனுபவம்.

அதனால்தான் ஏசி விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்கிறேன். காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஆறு மணிக்கு அணைக்கும் ஏசி, ஏசி இல்லாததைவிட மோசம். பகலெல்லாம் சுவரும் கண்ணாடியும் குளிர்ந்து கிடக்கும். அணைத்த பிறகு கடற்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து அந்தக் குளிர்ந்த பரப்பில் வேர்க்கும். கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்தால் நீர் படத்தில்தான் இறங்கும். இருபத்துநாலு மணி நேரமும் ஓட்ட வசதி இல்லையென்றால் ஏசியை விட்டுவிடுங்கள். ஜன்னலில் கனமான திரை, ஓடிக்கொண்டே இருக்கும் மின்விசிறி, முடிந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, இவை போதும். சுவரிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் உவர்நீரில் குழைத்த பூச்சு இருக்கும், சுவர் பொரிந்து உப்புப் பூக்கும். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். காற்று ஓடும், பல்லி முட்டையிட்டாலும் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிதம், துணி, சாயம் போட்ட ஓலை இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு. வெளிச்சத்தின் கேடு கூட்டுக் கணக்கில் சேரும், இரவு அணைத்தாலும் பகலில் பட்டது பட்டதுதான். உங்கள் ஹாலில் கடலைப் பார்த்த ஜன்னல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அழகான விஷயம், ஆனால் கண்காட்சி நேரத்தில் அதை மூடித்தான் ஆக வேண்டும். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் துல்லியமாக இருக்காது. ஆயிரத்தில் நிற்கிறதா நூறில் நிற்கிறதா என்று பார்க்க அது போதும்.

இனி எதை வைப்பது. தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல் இருக்கும். வெளியூரிலிருந்து இரவல் வாங்கி வரும் அசல் படைப்புகளுக்கு இந்தக் காலத்தை ஒதுக்குங்கள், வேறு எந்த மாதத்திலும் இரவல் வேண்டாம். பெரிய பெயர்களைத் துரத்தாதீர்கள். சென்னை ஓவியக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கிருந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், தனபால், ஆதிமூலம் என்று வந்த மரபு நம்முடையதுதான். ஆனால் அவர்களுடைய அசல் படங்களைத் தருகிறவர்கள் உங்கள் ஹாலின் பாதுகாப்பு, காப்பீடு, ஈரப்பத அளவு எல்லாம் கேட்பார்கள், முதல் ஆண்டில் உங்களால் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதில் சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளில் படித்து வெளிவந்த இளைஞர்களின் அச்சோவியங்களைக் கேளுங்கள். செதுக்கிய மரக்கட்டையிலோ அமிலம் அரித்த தகட்டிலோ மை தடவி எடுக்கும் படங்கள் அவை. ஒரே தகட்டில் பல பிரதி எடுக்கலாம் என்பதால் ஒன்று கெட்டாலும் பேரிழப்பு இல்லை. தட்டையாக ஒரு பெட்டியில் அடுக்கி பஸ்ஸில்கூடக் கொண்டு வரலாம். படத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தகட்டையும் வையுங்கள். தகட்டில் இடப்பக்கம் இருப்பது காகிதத்தில் வலப்பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் நடுவே நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பிள்ளைகள்தான் உங்கள் கூடத்தின் முதல் நிரந்தரப் பார்வையாளர்கள்.

சித்திரை பிறந்ததும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிகளுக்கு விடுமுறை. ஒரு கடலோர ஓவியக்கூடத்துக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது, இதை நழுவ விடாதீர்கள். படகையே பொருளாக எடுங்கள். தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி, சுரண்டி, புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தப் பெயிண்டர்கள் பெரிய கைகாரர்கள். படகின் முன்முனையான அணியத்தில் வளைந்து ஏறும் பலகையில், அளவுகோல் இல்லாமல், படகின் பெயரை எழுத்துக்கு எழுத்து சம இடைவெளியில் எழுதுவது லேசான வேலை இல்லை. வளைவில் எழுதும்போது நடு எழுத்துகளைக் கொஞ்சம் ஒடுக்கி, ஓரத்து எழுத்துகளை அகட்டிப் போடுவார்கள், அப்போதுதான் கரையில் நிற்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். அவர்களை ஹாலுக்கு அழைத்து, படகுப் பலகைகளைக் கொடுத்து, எழுதச் சொல்லுங்கள். கூலி கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அவர்கள் பெயரைப் பலகைக்குக் கீழே மற்ற ஓவியர்களின் பெயரைப் போலவே அச்சிட்டு வையுங்கள். அதோடு வத்தை, வல்லம் என்ற நாட்டுப் படகுகளைக் கட்டும் தச்சர்களின் கைக்கருவிகள், அவர்கள் வைத்திருக்கும் மாதிரிப் படகுகள், கிழிந்த வலையைப் பொத்தும் ஊசி. எதிர்ச்சுவரில் பிள்ளைகள் வரைந்த கடல். அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களிடம் மாசியிலேயே சொல்லிவைத்தால் படங்கள் வந்து சேரும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: போட்டி, பரிசு என்று வைக்காதீர்கள். பரிசு என்றதும் பிள்ளைகள் காலண்டரைப் பார்த்து வரைவார்கள், பரிசு இல்லையென்றால் வீட்டு வாசலில் தெரிவதை வரைவார்கள்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். கண்ணாடி போடாத ஓவியம் எதையும் அப்போது வைக்க வேண்டாம். பனையோலை வேலைப்பாடுகளும் சங்கும் வைக்கலாம். பனையோலை இந்த மாவட்டத்தின் பொருள், பெட்டி, கடகம், சுளகு, பாய் என்று வீட்டுக்கு வீடு இருப்பதையே நல்ல வெளிச்சத்தில் தனித்து வைத்தால் பார்க்கிறவர்கள் நின்றுவிடுவார்கள். குருத்தோலையின் வெளிர்நிறம் மங்காமல் இருக்க வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம்.

சங்கு வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. சங்கு கல் மாதிரி கெட்டியானது, அதற்கு என்ன ஆகப்போகிறது என்று ப்ளைவுட் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். சில மாதத்தில் சங்கின் மேல் மாவு தூவினாற்போல வெள்ளையாகப் பூத்திருக்கும். தூசு என்று துடைப்பார்கள், மறுபடியும் வரும். அது தூசு இல்லை, சங்கே கரைகிறது. ப்ளைவுட்டும் அட்டையும் சில மரங்களும் வெளியிடும் அமில ஆவி, சங்கின் சுண்ணாம்பைத் தின்று உப்பாக மாற்றுகிறது. ஈரம் அதிகமான இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒருமுறை அரித்த மெருகு திரும்ப வராது. ஆகவே சங்குக்குக் கண்ணாடியும் அலுமினியமும் சேர்ந்த பெட்டிதான். கண்ணாடியை ஒட்டும் சிலிக்கானிலும் வினிகர் வாடை வீசுவதை வாங்காதீர்கள், அதுவும் அதே அமிலம். வாடையில்லாத ரகம் கடையில் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள். கீழக்கரைப் பக்கத்துச் சங்குகுளித் தொழிலையும், இங்கே எடுத்த சங்கு வங்காளம் போய் வளையல்களாக அறுபட்டதையும் சேர்த்துக் காட்டினால் அது நல்ல கண்காட்சி. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை எதையும் யார் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவை 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆவணி, புரட்டாசிக்கு எழுத்து என்று ஒரு கண்காட்சி வைக்கச் சொல்வேன், என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். இந்தக் கரையில் எழுத்து வாழ்ந்த இடங்களைப் பாருங்கள். வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்து அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன, ரோமானிய நாணயங்களும் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் பாய்மரக் கப்பல் ஒன்றைக் கோடுகளாகக் கீறியிருக்கிறார்கள். அது ஒரு பானை ஓடு, அதில் ஒரு கப்பல் கீறல், இவை உறுதி. ரோமானிய வணிகக் கப்பல் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள், கீறியவர் யார், எங்கே நின்று அந்தக் கப்பலைப் பார்த்தார் என்பதை யாரும் சொல்ல முடியாது. விளக்கப் பலகையில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அதன் பக்கத்தில் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் செப்பேட்டுப் படிகள், கோயில் கல்வெட்டின் மேல் காகிதத்தை ஒற்றி எடுத்த மைப்படி, பனையோலைச் சுவடி. கீழக்கரையில் அரபுத்தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட கையெழுத்துகள், அதாவது அரபு எழுத்தைக் கொஞ்சம் வளைத்துத் தமிழ்ச் சொல்லை எழுதிய தாள்கள். கீழக்கரை அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் சாகிபு காலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் செழித்திருந்த மரபு அது. இன்று அந்த ஊரிலேயே வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். ஒருவரையாவது அழைத்துவந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்குத் தமிழ் காதில் விழும்போது அந்தத் தாள் வேறு ஒன்றாகத் தெரியும். கடைசிச் சுவரில் நவீன ஓவியம், அச்சுப் படியாக. பணிக்கர் 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் எழுத்துகளையே ஓவியமாக்கினார், சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966-இல் தொடங்கியவரும் அவரே. எழுத்து வாசிக்கப்படாமல் வெறும் கோடாக நிற்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பானை ஓட்டையும் செப்பேட்டையும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு விளக்கவே தேவையில்லை.

அசல் சுவடியோ செப்பேடோ வாங்கி வைக்கும் முன் சட்டத்தைக் கவனியுங்கள். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டைத் தாண்டிய சுவடி, கையெழுத்துப் பிரதிகளில் மதிப்புள்ளவையும் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். நான் வழக்கறிஞன் இல்லை, எந்தப் பொருளுக்குப் பதிவு தேவை என்பதைத் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை நல்ல தரமான படிகளே போதும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை, புயல். இந்த மூன்று மாதத்தில் அசல் பொருள் எதுவும் ஹாலில் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன். சுட்ட மண், கல், அச்சிட்ட படி, திரையில் ஓடும் காட்சி, ஒலி, இவை மட்டும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் புகைப்படமாகப் பெரிதாக அச்சிட்டு வைக்க இதுவே காலம். கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை, ஓவியங்கள் அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், மன்னரைச் சந்திக்கும் ஐரோப்பியர், ராமாயணக் காட்சிகள், அந்தப்புர வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு. பக்கத்திலேயே இருந்தும் மாவட்டத்துக்காரர்களில் பலர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் படமெடுக்க அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

டிசம்பர் 22, 23 தேதிகள் வரும்போது தனுஷ்கோடி. 1964 புயலில் அந்த ஊர் போனது எல்லாருக்கும் தெரியும். இடிந்த தேவாலயத்தின் படத்தை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. நீங்கள் வைக்க வேண்டியது புயலுக்கு முந்தைய ஊர். அங்கிருந்து தப்பி வந்த குடும்பங்கள் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுச் சுவரில், அலமாரியில், ஒரு கல்யாணப் படம், ரயிலடியில் எடுத்த படம், பள்ளிக்கூடப் படம் இருக்கலாம். அதை வாங்கும்போது மிகுந்த கவனம் தேவை. கடலோர ஈரத்தில் பழைய புகைப்படத்தின் மேல்பூச்சு இளகிச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தைக் கழற்றிப் படத்தைப் பிரித்தெடுக்கப் பார்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும், பின் அதை யாராலும் மீட்க முடியாது. ஆகவே கழற்றவே வேண்டாம். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒட்டிய இடம் ஈரமானது போல் கருமையாகவும், ஒட்டாத இடம் சாம்பல் பூத்தது போலவும் தெரியும். கண்ணாடியோடு அப்படியே வைத்து, பக்கவாட்டில் இரண்டு விளக்கு, பின்னால் கறுப்புத் துணி கட்டி, எதிரொளி விழாமல் படமெடுங்கள். ஒட்டாத தனிப் படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யலாம். வீட்டுக்காரர் கண்முன்னால், அவர்கள் வீட்டிலேயே செய்து, அசலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். இறந்தவர்களின் உடல் தெரியும் படங்கள் சில கைமாறிக்கொண்டிருக்கும், அவற்றைப் பெரிதாக்கி மாட்டாதீர்கள், பார்க்க வருகிறவர்களில் அவர்களுடைய பிள்ளைகள் இருப்பார்கள்.

புகைப்படத்தின் உரிமை யாருக்கு என்பது சிக்கலானது. வைத்திருப்பவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர். வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பது 2012 வரை இருந்த கணக்கு, அதன் பின் எடுத்தவரின் ஆயுளும் அவர் இறந்த பின் 60 ஆண்டும் என்று மாறிவிட்டது, அதோடு வீட்டுப் படங்கள் பல எங்குமே வெளியாகாதவை. குடும்பத்தாரின் கையொப்பத்தோடு, இந்தக் கண்காட்சிக்கு மட்டும் என்று ஒரு பக்க ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லாக் கண்காட்சிக்கும் பொதுவாக இரண்டொரு விஷயம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், பிள்ளைகளின் சுவரில் 120. படத்தின் விவரச்சீட்டில் வரைந்தவர் பெயர், எதில் வரைந்தது, ஆண்டு, இரண்டு வரி விளக்கம், பெரிய எழுத்தில். பொருள் கைக்கு வந்த அன்றே நாலு பக்கமும் படமெடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை எல்லாம் எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். காப்பீடு, பொருள் அவர் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கிய நேரம் முதல் திரும்ப அதே சுவரில் ஏறும் வரை இருக்க வேண்டும், ஹாலுக்குள் இருக்கும்போது மட்டும் என்றால் போதாது, பெரும்பாலான சேதம் வண்டியில்தான் நடக்கும்.

கூட்டம் வருமா என்ற கேள்விக்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகர்களை நம்பி நேரமும் விளம்பரமும் வைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, பஸ் பிடிக்கிறவர்கள். உங்கள் ஆட்கள் ஊர்க்காரர்கள். மாலை நாலு முதல் எட்டு வரை திறந்து வையுங்கள், பகலில் பள்ளி வகுப்புகளை ஒன்றொன்றாக அழையுங்கள். கட்டணம் வேண்டாம். கடல்பாசி எடுக்கப் போய்வரும் பெண்கள் ஈரச் சேலையோடு உள்ளே வரத் தயங்குவார்கள், வாசலில் நிற்கும் உங்கள் ஆள் "வாங்க அக்கா, அப்படியே வாங்க" என்று கூப்பிடுகிறவராக இருக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவழியுங்கள்.

இப்போதைக்கு எதையும் மாட்ட வேண்டாம். ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி ஹாலின் நடுவில் வைத்து, ஒரு மாதம், காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு அளவு முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள். எந்த வகை விளக்கு, எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். ஹாலின் நீள அகலம், கூரை உயரம், ஜன்னல்கள் எந்தத் திசை என்பது தெரியாமல் அதற்குப் பதில் சொல்வது சரியாக இருக்காது. அந்த மாதக் குறிப்போடு இவற்றையும் சேர்த்து இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.